பள்ளிக் கூரையில் சோலார்: மாணவர் கை எதுவரை போகலாம்?

சீருடைப் பிள்ளைகள் நால்வர் ஆளுக்கொரு மூலையாக ஒரு சோலார் பேனலைப் பிடித்து மொட்டைமாடியில் தூக்கிச் செல்லும் படம் வெளியானால் உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "புத்தகத்தில் படித்ததைக் கையால் செய்கிறார்கள், இதைவிட நல்ல படிப்பு உண்டா?" என்பார்கள் சிலர். "படிக்க அனுப்பினால் பிள்ளைகளைக் கூரையில் ஏற்றி வேலை வாங்குகிறார்களே!" என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்புமே சோலார் போடுவதை ஒரே வேலையாக நினைத்துப் பேசுகிறது. உண்மையில் அது பத்துப் பன்னிரண்டு வேலைகளின் கட்டு. அதில் சிலவற்றை ஏழாம் வகுப்புப் பிள்ளை தாராளமாகச் செய்யலாம். சிலவற்றைப் பெரியவர்களே உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. எது எதில் சேரும் என்று பிரிக்க வேண்டுமானால் கூரையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## கூரையில் ஏறுகிற சாமான்கள்

1. பேனல். சிலிக்கான் செல்களை வரிசையாகக் கோத்துக் கண்ணாடிக்கடியில் வைத்த பலகை. ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். இப்போது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் ஏறத்தாழ 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம் இருக்கும். எடை 28 கிலோவுக்கும் குறையாது. இருபுறமும் கண்ணாடி உள்ளது என்றால் 30 கிலோவைத் தாண்டும்.

2. ஸ்டாண்டு. பேனலைச் சாய்வாகத் தாங்கும் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம். யாரும் கவனிக்காத பகுதி, ஆனால் புயலில் முதலில் போவது இதுதான்.

3. ஸ்ட்ரிங். டார்ச் லைட்டில் பேட்டரிக் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதுபோல, பேனல்களைத் தொடராக இணைத்த வரிசை.

4. இன்வெர்ட்டர். பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம். மின்வாரியம் தருவதோ நொடிக்கு 50 சுற்று திசை மாறும் ஏ.சி. மின்சாரம். முன்னதைப் பின்னதாக மாற்றுவது இன்வெர்ட்டர். பேட்டரியோடு வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டரும் இதுவும் ஒன்றல்ல.

5. பாதுகாப்புச் சாமான்கள். ஃபியூஸ், பிரேக்கர் பெட்டிகள், எர்த் குழி, இடிதாங்கி.

6. இருவழி மீட்டர். பள்ளி வாங்கிய யூனிட்டையும் வெளியே அனுப்பிய யூனிட்டையும் தனித்தனியாகக் கணக்கிடுவது.

ஒரு கிலோவாட் அளவுக்கு, இடைவெளிகளையும் சேர்த்து, சுமார் 100 சதுர அடி கூரை வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட், வருடச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். கொட்டேஷன் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு எண்களை வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

## சுவிட்ச் இல்லாத மின்சாரம்

540 வாட் பேனலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் திறந்த சுற்று மின்னழுத்தம் என்ற வரியில் 49.5 வோல்ட் என்ற அளவில் ஓர் எண் இருக்கும். இணைப்பு எதுவும் கொடுக்காமல் வெயிலில் வைத்தாலே இரண்டு முனைகளுக்கு இடையில் நிற்கும் அழுத்தம் அது. ஒரு பேனல் என்றால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை.

10 கிலோவாட் அமைப்பில் இப்படி 18 பேனல் வரும். அத்தனையையும் ஒரே ஸ்ட்ரிங்காகக் கோத்தால் 18 பெருக்கல் 49.5, அதாவது ஏறத்தாழ 890 வோல்ட். வகுப்பறைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் 230 வோல்ட்தான். சிலிக்கான் குளிர்ந்தால் அழுத்தம் கூடும் என்பதால், மார்கழிக் காலையில் இது இன்னும் சற்று ஏறும்.

இந்த 890 வோல்ட்டை அணைக்க சுவிட்ச் கிடையாது. பிரேக்கரை இறக்கினால் பிரேக்கருக்கு அப்பால்தான் மின்சாரம் நிற்கும். பேனல் முதல் பிரேக்கர் வரையுள்ள ஒயரில் சூரியன் இருக்கும்வரை அழுத்தமும் இருக்கும். வீட்டு வேலைக்கு வரும் எலக்ட்ரீசியன் முதலில் மெயினை இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார். இங்கே இறக்குவதற்கு மெயின் இல்லை.

அடுத்தது, தீப்பொறி. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. அதனால் இணைப்பைப் பிரிக்கும்போது கிளம்பும் பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பேனல்களை இணைக்கும் எம்.சி.4 என்ற கறுப்பு பிளாஸ்டிக் கனெக்டரை, மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்து இழுத்தால், இரண்டு முனைகளுக்கும் நடுவே வெல்டிங் வைத்தது போன்ற நீலவெள்ளைச் சுடர் நிற்கும். பிளாஸ்டிக் உருகிய பிறகும் அது விடாது. மழையில் சரியாகப் பூட்டாத கனெக்டர், எலி கடித்த ஒயர் எல்லாம் இதே வகையில்தான் தீப்பிடிக்கின்றன.

மூன்றாவது ஆபத்துக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. விழுதல். நம்மூர்ப் பள்ளிக் கட்டடங்கள் பலவற்றில் மொட்டைமாடிக்குப் படிக்கட்டு கிடையாது, ஏணிதான். கைப்பிடிச் சுவரோ முழங்கால் உயரம், சிலவற்றில் அதுவும் இல்லை. இரண்டரைச் சதுர மீட்டர்ப் பலகையைக் காற்றடிக்கும் கூரையில் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடப்பவருக்கு ஓரம் எங்கே என்று தெரியாது. தொடக்கத்தில் சொன்ன படத்தை மறுபடி பாருங்கள். ஒயர் தெரியாது. பின்னால் நடக்கும் பிள்ளையின் காலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

## வைஸ் கவுண்டியில் நடந்தது

மாணவர்களே பொருத்திய பள்ளிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது வைஸ் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). தலைமுறை தலைமுறையாக நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த மலைப்பகுதி. 2022 கோடை விடுமுறையில் அங்கே பள்ளிக் கூரைகளில் பேனல் பொருத்தும் வேலையில் உள்ளூர் மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். அமைப்பு அதைப் போட்ட சோலார் நிறுவனத்துக்குச் சொந்தம், பள்ளி நிர்வாகம் அதிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் என்பது ஒப்பந்தம்.

படத்துக்குப் போஸ் கொடுக்க அவர்களை அழைக்கவில்லை. பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் எடுத்தார்கள். மணிக்கு 17 டாலர் சம்பளம். அருகிலுள்ள மவுண்டன் எம்பயர் சமுதாயக் கல்லூரி வழியாகப் பாடமும் நடந்தது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் கூரையில் வேலை செய்ய வைப்பதே தடை. பதிவு பெற்ற பயிற்சித் திட்டத்தில் இருக்கும் 16, 17 வயதினருக்கு மட்டும், நேரடி மேற்பார்வை என்ற நிபந்தனையோடு விலக்கு உண்டு. பாடம், சம்பளம், மேற்பார்வை மூன்றும் சேர்ந்தால்தான் கூரை.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குக் கீழ் எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தானவை எனப் பட்டியலிட்ட தொழில்களில் கூடாது. 2017இல் இந்தியா ஏற்புறுதி செய்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138ஆம் உடன்படிக்கை, பள்ளியில் கல்விக்காகச் செய்யும் வேலையைத் தனியாகப் பிரித்து வைக்கிறது. ஆனால் 'கல்விக்காக' என்று சொல்லிவிட்டால் மட்டும் எல்லாம் கல்வியாகிவிடாது.

இதைச் சோதிக்க எளிய கேள்வி ஒன்று போதும். அந்தப் பிள்ளைகள் அன்று வராவிட்டால், ஒப்பந்ததாரர் அதே வேலைக்கு ஒரு கூலியாளை வைத்திருப்பாரா? ஆமாம் என்றால் அது கல்வி அல்ல, மிச்சப்படுத்தப்பட்ட கூலி.

மின்வேலையில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர், ஒயர்மேன் ஆகியோர்தான் செய்ய வேண்டும். மேல்நிலை வகுப்பில் அடிப்படை மின்பொறியியல் தொழிற்பாடம் எடுத்த மாணவருக்கும் இது பொருந்தும். 18 வயதாகி ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு 2015இல் தொடங்கிய 'சூரியமித்ரா' என்ற சோலார் தொழிற்பயிற்சி போன்ற வழிகள் இருக்கின்றன. அதற்கு முன் அவசரப்பட வேண்டியதில்லை.

## பேனல் வருவதற்கு முந்தைய மூன்று மாதம்

அப்படியானால் மாணவர்களுக்கு என்ன மிச்சம்? என் கணிப்பில், வேலையின் முக்கால் பங்கு. ஒப்பந்ததாரர்கள் அவசரமாகச் செய்வதும், பல நேரம் செய்யாமலே விடுவதும் அந்த முக்கால் பங்கைத்தான்.

முதல் வேலை: சுமைக் கணக்கு. இருபது வகுப்பறை உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அறைக்கு நான்கு விசிறி, நான்கு எல்.இ.டி. டியூப் லைட். பழைய விசிறி 75 வாட், லைட் 20 வாட். ஓர் அறைக்கு 380 வாட், இருபது அறைக்கு 7.6 கிலோவாட். கம்ப்யூட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து "பத்து கிலோவாட் போட்டுவிடுங்கள் சார்" என்று விற்பனையாளர் சொல்வார். கணக்கு சரியாகத்தான் தெரியும்.

மாணவர்கள் நோட்டும் பேனாவுமாக அறை அறையாகப் போய் எழுதட்டும். எந்த விசிறி எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எது கரகரவென்று சுற்றியும் காற்றே தரவில்லை, ஜன்னலோரம் எந்த லைட் பகலில் தேவையே இல்லை. பிறகு ஒரே ஒரு மாற்றத்தைக் கணக்கில் போட்டுப் பார்க்கட்டும். 75 வாட் விசிறிக்குப் பதில் பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. அறைக்கு 380 வாட் 200 ஆகிறது, மொத்தம் 7.6 என்பது 4 கிலோவாட் ஆகிறது. பத்துக்குப் பதில் ஆறு கிலோவாட் சோலார் போதும். 80 விசிறி வாங்கும் செலவு குறைந்த 4 கிலோவாட்டின் விலைக்குக் கிட்டத்தட்ட சமமாகவே வரலாம், லாபம் என்று பெரிதாகக் காட்ட முடியாது. ஆனால் மேகமூட்டமான நாளிலும் விசிறி மிச்சப்படுத்தும், சோலார் அப்போது படுத்திருக்கும்.

இரண்டாவது: நிழல் வரைபடம். இதில்தான் பிள்ளைகளுக்கு நல்ல தீனி இருக்கிறது. ஒரு பேனலின் செல்கள் எல்லாம் தொடராகக் கோக்கப்பட்டவை. ஒரு செல்லின்மேல் நிழல் விழுந்தால் அது மற்றவற்றின் ஓட்டத்தையும் அடைக்கும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு பேனலிலும் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடுகள் வைத்திருப்பார்கள். அடைபட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போய்விடும். பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போகும், மீதி பிழைக்கும். ஆக, உள்ளங்கை அகல நிழல் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

நிழலை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். மொட்டைமாடி உயரத்தில் ஏறவும் வேண்டாம், விளையாட்டுத் திடலில் ஒரு மீட்டர்க் குச்சியை நட்டால் போதும். சென்னை அட்சரேகையில் டிசம்பர் கடைசியில், சூரியன் உச்சிக்கு வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பும் பின்பும், ஒரு மீட்டர்க் குச்சியின் நிழல் ஒன்றரை மீட்டர் நீளும். அப்படியென்றால் கூரையில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்று மீட்டர் போகும். அந்த வட்டாரத்தில் பேனல் கூடாது.

ஜூன் மாதத்தில் அதே குச்சியை நட்டால் வேடிக்கை. உச்சி நேரத்தில் நிழல் தெற்கே விழும். தமிழ்நாடு கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிழலே இல்லாமல் போகும். அவ்விரண்டு நாட்களுக்கு நடுவில் அது வடக்குப் பக்கம் நிற்கும். "பேனலைத் தெற்கு நோக்கித்தான் வைக்க வேண்டும்" என்று மனப்பாடம் செய்த மாணவர், பிறகு ஏன் தெற்கு என்று இங்கே கேட்பார். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போவதால் அப்போதுதான் சாய்வின் உதவி அதிகம் தேவை என்பது விடை. சாய்வின் அளவு ஏறத்தாழ ஊரின் அட்சரேகை. சென்னைக்கு 13 பாகை. நாகர்கோவிலுக்கு 8 வரும், ஆனால் மழைத்தண்ணீர் தூசியை அடித்துக்கொண்டு போக 10 பாகையாவது வைப்பார்கள்.

மூன்றாவது: காற்றுக் கணக்கு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் மாணவருக்கு ஏற்றது. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகத்தை வைக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் வரும். சென்னைக்கு அது 1,500. ஒரு பேனலின் பரப்பு 2.58 சதுர மீட்டர், ஆக விசை 3,870 நியூட்டன், ஏறத்தாழ 390 கிலோ எடைக்குச் சமம். பொறியாளர்கள் சாய்வுக்கும் உயரத்துக்கும் ஏற்பக் குணகங்களைப் போட்டு இதைத் திருத்துவார்கள். ஆனால் 28 கிலோப் பலகையை நூற்றுக்கணக்கான கிலோ விசை தூக்கப் பார்க்கும் என்பது மாறாது. மதுரைக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 240 கிலோவுக்கு இறங்கிவிடும். ஒரு ஊர் ஸ்டாண்டை இன்னொரு ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பது அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

கூரையில் துளை போடும் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நம்மூர் மொட்டைமாடியின் மேல் தட்டோடும் அதற்கடியில் சுருக்கியும் போட்டிருப்பது தண்ணீர் இறங்காமலிருக்க. ஸ்டாண்டுக்காக அதைத் துளைத்தால் அடுத்த ஐப்பசியில் கீழ் வகுப்பறையில் பக்கெட் வைக்க வேண்டியிருக்கும். கான்கிரீட் கட்டைகள் வார்த்து அவற்றின்மேல் நிறுத்தச் சொல்லலாம். கட்டடம் பழையது என்றால் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குமா என்று பொறியாளர் எழுத்தில் தர வேண்டும், வாய்ச்சொல் போதாது.

## பொருத்தும் நாள்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழே இருந்தபடியே மாணவர்கள் செய்யக்கூடியவை:

1. வந்திறங்கிய ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் எழுதிக்கொள்வது. உத்தரவாதத்துக்குப் பிற்காலத்தில் கேட்கப்போவது இதைத்தான்.
2. கண்ணாடியில் விரிசல், மூலையில் நெளிவு இருக்கிறதா என்று பார்ப்பது.
3. எர்த் குழி வெட்டுவதையும், எர்த் தடையை அளப்பதையும் அருகில் நின்று பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வது.
4. தனியாக ஒரே ஒரு பேனலைத் தரையில் வைத்து, ஆசிரியர் மல்டிமீட்டர் பிடிக்க, ஒரு துணியால் கால்வாசி, அரைவாசி என மூடி அழுத்தமும் மின்னோட்டமும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது.

சின்ன வகுப்பினர் கையால் ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் விளக்கு செய்யட்டும். ஐ.ஐ.டி. பம்பாய் நடத்திய சோலார் படிப்பு விளக்குத் திட்டம் அதற்கு நல்ல முன்மாதிரி. 2019 அக்டோபர் 2, காந்தியின் 150ஆவது பிறந்தநாளன்று டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு சோலார் விளக்கைப் பூட்டினார்கள். சில வோல்ட்தான், கைதவறினால் விளக்கு எரியாது, அவ்வளவே.

## கரண்ட் போனால் சோலாரும் ஏன் போகிறது?

பணம் போட்ட பெற்றோர் முதல் கேட்கும் கேள்வி இது. மொட்டைமாடியில் வெயில் கொளுத்துகிறது, மின்வாரிய லைன் போகிறது, உடனே வகுப்பில் விசிறியும் நின்றுவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும்.

பழுது எதுவும் இல்லை. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மின்வாரியத்தோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் இருக்கிறதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். லைன் போனதும் தானும் நின்றுவிடும். நிற்காமல் பள்ளி தன் மின்சாரத்தைத் தெருக் கம்பத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், சப்ளை ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிர் போகும்.

கரண்ட் போகும்போதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் அமைப்பு வேண்டும். செலவு கூடும், சில வருடத்துக்கொரு முறை பேட்டரியும் மாற்ற வேண்டும். பள்ளி முழுவதற்கும் பேட்டரி போடுவதைவிட, கம்ப்யூட்டர் அறைக்கும் தலைமை ஆசிரியர் அறைக்கும் மட்டும் சின்னதாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

## கோடை விடுமுறை என்ற ஓட்டை

வீட்டு சோலாருக்கும் பள்ளி சோலாருக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைக் கொட்டேஷன்கள் பேசுவதில்லை. வீட்டில் வருடம் முழுக்க ஆள் இருக்கும். பள்ளியில் இருக்காது.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 வேலை நாள் என்று சொல்கிறது. மீதி 145 நாள் பள்ளி பூட்டிக் கிடக்கும். அதில் பெரிய துண்டு, வெயில் உச்சத்தில் இருக்கும் கோடை விடுமுறை. சூரியன் அதிகம் உழைக்கும்போது பள்ளி தூங்குகிறது.

மேலே கணக்கிட்ட 6 கிலோவாட்டையே எடுத்துக்கொள்வோம்.

1. நாளுக்கு 24 யூனிட், வருடத்துக்கு 8,760 யூனிட்.
2. 220 வேலை நாளில் வருவது 5,280. இதைப் பள்ளியே பயன்படுத்திக்கொள்கிறது என்று வைப்போம்.
3. விடுமுறை நாளில் வருவது 3,480. கிட்டத்தட்ட 40 சதவீதம். இது முழுவதும் வெளியே போகிறது.

வெளியே போகிற 3,480 யூனிட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதில்தான் முழுத் திட்டமும் நிற்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 விதிமுறைகள் மூன்று முறைகளைப் பேசுகின்றன. நெட் மீட்டரிங்கில், அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து அப்படியே கழிப்பார்கள். நெட் ஃபீட்-இன் முறையில், அனுப்பிய யூனிட்டுக்குத் தனியாக ஒரு விலை. அது வாங்கும் விலையைவிடக் குறைவு. கிராஸ் மீட்டரிங்கில், உற்பத்தி மொத்தத்தையும் விற்றுவிட்டு, தேவையான மொத்தத்தையும் வாங்க வேண்டும்.

கணக்குக்காக வாங்கும் விலை 7 ரூபாய், ஃபீட்-இன் விலை 3 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால், அந்த 3,480 யூனிட் முதல் முறையில் 24,360 ரூபாய், இரண்டாம் முறையில் 10,440 ரூபாய். அதே பேனல், அதே வெயில், வருடத்துக்குப் பதினான்காயிரம் வித்தியாசம். போதாததற்கு, இணைப்பின் வகையைப் பொறுத்து சோலார் உற்பத்திமீது நெட்வொர்க் கட்டணமும் வரும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள் ஒரு கட்டணப் பிரிவு, தனியார் பள்ளிகள் வேறு பிரிவு. எனவே பள்ளியின் மின் அட்டையில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது, அந்தப் பிரிவுக்கு எந்த மீட்டர் முறை என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் மற்ற பேச்சு. "நாலே வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும்" என்ற வாக்கியத்தில் இந்த விவரம் எதுவும் இருக்காது.

மானியத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று கேள்விப்பட்டுப் பள்ளிகளும் விண்ணப்பிக்கப் பார்க்கின்றன. அது வீட்டு இணைப்புகளுக்கான மானியம். பள்ளிக்கு அது கிடைக்காது. வீட்டுக்கு வந்த கொட்டேஷனில் மானியம் போக மிஞ்சிய தொகையைப் பார்த்துப் பள்ளிக்கு நிதி திரட்டத் தொடங்கினால் பாதியில் நிற்க வேண்டி வரும்.

## அடுத்த இருபத்தைந்து வருடம்

பேனல் தயாரிப்பாளர்கள் உற்பத்திக்குப் பொதுவாக 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். பொருத்துவதற்கு ஆகும் நாளோ விரலில் எண்ணக்கூடியது. மாணவர்களின் கைக்கு இயல்பாகப் பொருந்தும் வேலை இந்த 25 வருடத்தில் இருக்கிறது.

லடாக்கில் லே நகருக்கு வெளியே, சிந்து நதிக்கரையில் ஃபே என்ற கிராமத்தில் 'செக்மோல்' வளாகம் இருக்கிறது. சோனம் வாங்சுக் முதலானோர் 1988இல் தொடங்கிய இந்த அமைப்பின் வளாகம், மண்சுவரும் தெற்கு நோக்கிய கண்ணாடியுமாக, சூரியனை நம்பியே நடக்கிறது. பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துப் பேர் வாங்கிய இடம். அங்கே சோலார், சமையல், தோட்டம், கணக்கு என்று வளாகப் பொறுப்புகள் மாணவர்களிடம்தான். இரண்டு மாதத்துக்கொரு முறை பொறுப்பு கைமாறும். ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும்.

ராஜஸ்தானின் திலோனியாவில் 1972இல் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரி இன்னொரு பாடம். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கு ஆறு மாதத்தில், நிறக் குறியீடுகளை வைத்தே, சோலார் கருவிகளைப் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஊரில் எப்போதும் இருக்கக்கூடியவர் என்பதற்காகவே பாட்டிமார்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளி மாணவர் அப்படி நிலையாக இருக்க மாட்டார், பன்னிரண்டாம் வகுப்போடு போய்விடுவார். அதனால்தான் ஃபேயில் செய்வதுபோல ஒப்படைக்கும் பழக்கம் இல்லாத பள்ளியில், ஆர்வமாகத் தொடங்கிய குழு கலைந்த அடுத்த வருடம் பேனலில் ஒரு விரல் தடிமனுக்குத் தூசி ஏறுகிறது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

கழுவுவது காலை ஏழு மணிக்கு முன். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் கழுவிய பிறகு துடைக்காவிட்டால் வெள்ளைக் கறை படிந்து, தூசியைவிட மோசமாகிவிடும். கூரைக்குப் பாதுகாப்பான படிக்கட்டும் கைப்பிடிச் சுவரும் இல்லையென்றால் கழுவுவது பெரியவர்கள் வேலை, மாணவர் கீழிருந்து ஹோஸ் பைப்பைத் திறக்கட்டும்.

திடலில் கிரிக்கெட் ஆடும் பள்ளிக்கு ஒரு தனிக் குறிப்பு. பேனல் கண்ணாடி ஆலங்கட்டி மழையைத் தாங்கும் என்று சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தச் சோதனையில் 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடிப்பார்கள். அதன் எடை எட்டு கிராமுக்குள். கிரிக்கெட் பந்து 160 கிராம் வாக்கில். சிக்ஸர் அடிக்கும் திசையைப் பார்த்துவிட்டுப் பேனல் வைக்கும் கட்டடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது, டென்னிஸ் பந்துக்கு மாறச் சொன்னால் மாறப் போவதில்லை.

மற்றபடி தினமும் மாலையில் இன்வெர்ட்டர் திரையில் தெரியும் அன்றைய யூனிட்டை ஒரு நோட்டில் எழுதுவது. ஆறு கிலோவாட்டுக்கு வெயில் நாளில் 24 யூனிட்டாவது வரவேண்டும். மேகம் இருந்தால் குறையும், அதையும் பக்கத்தில் எழுதட்டும். பளிச்சென்று வெயிலடித்தும் ஒரு வாரமாக 17, 18 என்றே வந்துகொண்டிருந்தால், கம்பெனிக்காரருக்குப் போன் போடுவதற்கு முன் மாலை மூன்று மணிக்குத் திடலின் மறுகோடியில் போய் நின்று கூரையைப் பார்க்கட்டும். மழைக்குப் பிறகு தழைத்த வேப்பங்கிளை ஒன்று, போன வருட நிழல் வரைபடத்தில் இல்லாதது, மேற்கு மூலைப் பேனல்கள்மேல் சாய்ந்திருக்கலாம்.